இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் மனிதனின் சுய இஷ்டமும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் திருநாமத்தைக் கேள்விப்படாத முஸ்லிம் வீடு நமது கேமரன் மலையில் இராது. ஆனால் அன்னாரின் சரித்திரத்தை முழுவதும் அறிந்தவர்கள் எத்தனை பேர்? பெரிய ஆலிம், அநேக கிதாபுகள் எழுதியவர்கள், பகுதாது நகரத்துப் பதவியை உதறிவிட்டுப் போனவர்கள் என்ற அளவோடு நம்மவர்களின் அறிவு நின்றுவிடுகிறது. ஏன் உதறினார்கள், உதறுவதற்கு எவ்வளவு பாடுபட்டார்கள், பதினோரு வருஷம் கழித்து மறுபடியும் ஏன் ஒரு பதவியில் அமர்ந்தார்கள் என்பனவற்றைத் தெரிந்துகொண்டால்தான், மனிதன் தன் சுய இஷ்டத்தால் செய்யும் காரியம் எது, அது எப்பொழுது நற்செயலாகும் என்று அன்னார் எழுதியவை விளங்கும். நாம் ஆலிமல்ல, சிறிது காலம் மத்ரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அமர்ந்தவர். ஆயினும் தராசு பிடிக்கிறவர்களுக்கு இமாமவர்களின் எழுத்து மிகவும் நெருக்கமானது. அன்னாரின் நூல் ஒன்றுக்குச் செயல்களின் தராசு என்றே பெயர்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 450-ல், அதாவது கி.பி. 1058-ல், குராஸான் தேசத்துத் தூஸ் நகரில் பிறந்தார்கள். அவ்வூர் இன்றைய ஈரானில் மஷ்ஹத் நகருக்கு அருகில் இருக்கிறது. தகப்பனார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். ஆலிம்களின் மஜ்லிஸில் போய் உட்கார்ந்து கேட்டு அழுவாராம். தமக்கு எழுத்து வரவில்லையே என்ற ஏக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. மரண வேளையில் முஹம்மத், அஹ்மத் என்ற தம் இரு பிள்ளைகளையும், கையிலிருந்த சொற்பப் பணத்தையும் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்து, இவர்களைப் படிக்க வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மூத்தவரான முஹம்மதுதான் நமது இமாம்.

பணம் தீர்ந்தது. நண்பரும் ஏழை. மத்ரஸாவில் சேர்ந்தால் சாப்பாடாவது கிடைக்கும் என்று பிள்ளைகளை அங்கே அனுப்பி வைத்தார். ஆக, உலகமே போற்றும் அந்தக் கல்வி சோற்றுக்காகத் தொடங்கியது. இதை இமாமவர்கள் பிற்காலத்தில் மறைக்கவில்லை. வேறு நோக்கத்தோடு தேடிய கல்வி, போகப்போகத் தம்மை அல்லாஹ்வின் பக்கம் இழுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டாயத்தின் பேரில் போகும் நம் பிள்ளைகளைப் பார்த்து அவநம்பிக்கை கொள்ளும் பெற்றோர்கள் இதைக் கவனிக்கவும்.

இளம்பிராயத்தில் ஜுர்ஜான் நகரில் ஓதிவிட்டு ஊர் திரும்புகையில், வழியில் கொள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்களாம். இமாமவர்கள் தாம் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்புகளையாவது கொடுத்துவிடுங்கள் என்று தலைவன் பின்னாலேயே போய்க் கெஞ்சினார்கள். பையைப் பறித்ததும் பறிபோய்விடுகிற கல்வியை நீ கற்றதாக எப்படிச் சொல்கிறாய் என்ற கருத்தில் அவன் சிரித்துக் கேட்டுவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தானாம். அதன்பின் மூன்று வருஷம் வீட்டிலிருந்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார்கள். திருடன் வாயிலிருந்து வந்த புத்திமதியையும் எடுத்துக்கொள்வது பெரியோர் குணம்.

பிறகு நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். அந்த உஸ்தாது 1085-ல் வபாத்தானதும், ஸல்ஜூக் சுல்தானின் மந்திரி நிஜாமுல் முல்க்கின் சபைக்குப் போய், அங்கிருந்த ஆலிம்களை விவாதங்களில் வென்று பெயர் பெற்றார்கள். 1091-ல், முப்பத்து மூன்றாம் வயதில், பகுதாது நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியர் பதவி வந்தது. அக்காலத்தில் அதைவிடப் பெரிய கல்வி ஸ்தானம் வேறு எது என்று சொல்வது கடினம். முந்நூறு மாணவர்கள் பாடம் கேட்டார்கள். கலீஃபாவும் அமீர்களும் மரியாதை செய்தார்கள். அடுத்த வருஷமே நிஜாமுல் முல்க் கொலை செய்யப்பட்டார். சுமார் ஒரு மாதம் கழித்துச் சுல்தான் மலிக்ஷாவும் மாண்டார். ஆதரித்தவர்கள் போனபின்னும் இமாமவர்களின் புகழ் குறையவில்லை. தத்துவ ஞானிகளின் நூல்களைத் தாமாகவே இரண்டு வருஷத்துக்குள் கற்று, அவர்களை மறுத்து எழுதிய பிரசித்தி பெற்ற நூலும் இந்தக் காலத்தில்தான் வெளிவந்தது.

இவ்வளவு உயரத்தில் இருந்தவர்களுக்கு 1095-ம் வருஷம் ரஜப் மாதத்தில் ஆரம்பித்தது சோதனை.

அதை அன்னாரே தம் ஆன்மிக சரிதையில் எழுதி வைத்திருக்கிறார்கள். தாம் செய்கிற காரியங்களிலெல்லாம் சிறந்தது பாடம் நடத்துவதே என்று எண்ணி, அதற்கு என்ன நிய்யத் இருக்கிறது என்று தம் உள்ளத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். அல்லாஹ்வுக்காக என்ற நிய்யத் அங்கே இல்லை. பதவியும் பேரும் பரவ வேண்டும் என்பதே அடியில் கிடந்தது. அறிந்துகொண்டபின் விட்டுவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அப்படி விடமுடியவில்லை. ஒருநாள் பகுதாதை விட்டுப் போவதென்று உறுதி செய்வார்கள். மறுநாள் அது கரைந்துவிடும். காலையில் ஆகிரத்தின் நாட்டம் எழும். மாலையில் ஆசைகளின் படை வந்து அதைக் கலைத்துவிடும். இது தற்காலிகமான மனக்கோளாறுதான், இப்பேர்ப்பட்ட பதவியை விட்டால் பிறகு கிடைக்காது என்று ஷைத்தான் ஓதுவான். இப்படி ஆறு மாதம்!

நற்செயலைப் பற்றி அறிவில்லாதவன் தவறுவதைப் பார்த்திருக்கிறோம். உலகத்துக்கே புத்தி சொன்ன ஒரு மனிதர், எது சரி என்று தெரிந்தும், அதைச் செய்ய விரும்பியும், ஆறு மாதம் ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் நின்றார்கள். கடைசியில் நாவு கட்டிக்கொண்டது. மாணவர்களின் மனம் குளிரவாவது ஒருநாள் பாடம் சொல்வோம் என்று முயன்றாலும் ஒரு சொல் வரவில்லை. அந்தத் துக்கத்தில் உணவு இறங்கவில்லை; ஒரு வாய்த் தண்ணீர் கூடப் போகவில்லை. வைத்தியர்கள் வந்து பார்த்து, இது உள்ளத்திலிருந்து உடம்புக்கு வந்த நோய், மருந்தால் ஆகாது என்று கைவிட்டார்கள். தம் சக்தியெல்லாம் இழந்தபின், வேறு வழியற்றவனாக அல்லாஹ்விடம் சரணடைந்ததாகவும், அதன்பின் பதவியும் பொருளும் மக்களும் நண்பர்களும் பெரிதாகத் தோன்றவில்லை என்றும் எழுதுகிறார்கள்.

அவ்வருஷம் நவம்பரில் பகுதாதை விட்டார்கள். குழந்தைகளின் ஜீவனத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு, மற்றப் பொருளைத் தானம் செய்துவிட்டார்கள். தம் இடத்தில் தம்பி அஹ்மதை அமர்த்தினார்கள். மக்காவுக்குப் போவதாக வெளியில் சொன்னார்கள். மனத்திலோ ஷாம் தேசம் போகும் எண்ணம். கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடுவார்கள் என்ற பயம். இந்த இடம் நமக்குச் சங்கடமாகவே இருக்கிறது. மறு வருஷம் அன்னார் ஹஜ்ஜு செய்தார்கள் என்பதும், நல்ல காரியம் வேறு வழியில் நிறைவேறாதபோது இதற்கு இடமுண்டு என்று தம் நூலில் எழுதியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் நமக்குப் பெரிதாகப் படுவது, யாரும் அறியாத அந்த விஷயத்தை அன்னாரே எழுதி வைத்ததுதான்.

திமிஷ்க் நகரின் பெரிய பள்ளியில், மினாராவின் மேல் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருப்பார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ் போனார்கள். அங்கிருந்து கலீல் நகரில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் கபுருக்கருகே நின்று மூன்று பிரதிக்கினைகள் செய்துகொண்டார்கள்: அரசர்களிடம் பொருள் வாங்குவதில்லை, அரசர்களின் சபைக்குப் போவதில்லை, வெற்றிக்காக விவாதம் செய்வதில்லை. முன்னம் எந்த மூன்றால் பெரியவர்களானார்களோ, அந்த மூன்றையும்தான் நிறுத்தினார்கள்.

திமிஷ்க்கில் ஒருநாள் ஓர் ஆசிரியர், பாடத்தின் நடுவே கஸ்ஸாலி இப்படிக் கூறுகிறார் என்று சொல்லக் கேட்டு, உள்ளத்தில் பெருமை துளிர்த்துவிடுமோ என்று அஞ்சி ஊரை விட்டே கிளம்பிவிட்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, அன்னாரின் சுபாவத்துக்குப் பொருத்தமான கதை.

இந்த வருஷங்களில் உருவானதுதான் நாற்பது பாகங்கள் கொண்ட இஹ்யா உலூமித்தீன். அதில் பல பாகங்கள் தமிழிலும் தனி நூல்களாக வந்திருக்கின்றன. சரித்திரத்தைச் சற்று நிறுத்தி, நமது விஷயத்துக்கு வேண்டியதை மட்டும் அதிலிருந்து பார்ப்போம். உதாரணங்கள் பெரும்பாலும் நம்முடையவை. நம் மலைக்காரர்களுக்கு எளிதாய் விளங்கும்பொருட்டு மாற்றியிருக்கிறோம்.

மனிதனிடமிருந்து வெளியாகும் காரியங்களை இமாமவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். மழையில் சேறான தேயிலைச் சரிவில் ஒருவர் கால் வழுக்கி விழுகிறார். அவர் உடம்பு பட்டுச் செடி முறிகிறது. கல் உருண்டு வந்தாலும் முறிந்திருக்கும். இது முதல் வகை. மூச்சு விடுவதும், கண்ணருகே ஊசி வந்தால் இமை மூடிக்கொள்வதும் இரண்டாவது வகை. அதில் ஒரு நாட்டம் இருக்கிறது. ஆனால் மூடாதிருக்க அவனால் ஆகாது. மூன்றாவது, எழுதுவது, பேசுவது போன்றவை. எடை கூடுவதற்காக முற்றிய இலையைக் கொழுந்தோடு சேர்த்துப் போடலாமா வேண்டாமா என்று யோசித்து ஒருவர் போடுகிறார் அல்லவா? கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்ட இக்காலத்தில் இந்த உதாரணம் பழசாகிவிட்டது. என்றாலும் நம் பெரியவர்களுக்குத் தெரியும். இந்த மூன்றாவது வகையில்தான் நல்லது கெட்டது என்ற பேச்சே பிறக்கிறது. இதிலும் முதலில் அறிவு வருகிறது, அறிவு நாட்டத்தை எழுப்புகிறது, நாட்டம் கையை அசைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே படைத்தவனின் சக்தி இருக்கிறது என்று விளக்கிக்கொண்டு போகிறார்கள். தேர்ந்தெடுக்கும்படியே மனிதன் படைக்கப்பட்டிருக்கிறான், அதிலிருந்து அவன் தப்ப முடியாது என்பது அன்னாரின் முடிவு. உலமாக்களே மெல்ல நடக்கும் இடம் அது. நாம் அதற்குமேல் போகவில்லை.

எண்ணத்துக்கும் தண்டனை உண்டா என்ற கேள்விக்கு அன்னார் சொல்லும் பதில் கடைக்காரர்களுக்கென்றே எழுதியது போல் இருக்கிறது. மாதக் கடைசியில் கடன் புத்தகம் திறந்திருக்கிறது. வாடிக்கைக்காரருக்கு எழுத்து வாசனை இல்லை. 48 வெள்ளியை 58 என்று எழுதினால் என்ன என்று ஓர் எண்ணம் ஓடி வருகிறது. இது முதல் படி. மனம் அதன் பக்கம் சாய்கிறது, இது இரண்டாவது. இவ்விரண்டும் மனிதனின் இஷ்டத்தில் இல்லை, ஆகவே குற்றமில்லை. எழுதலாம் என்று உள்ளம் தீர்ப்புச் சொல்வது மூன்றாவது. அதில் அவன் இஷ்டம் எவ்வளவோ அவ்வளவுக்கு அவன் பொறுப்பு. எழுதியே தீருவது என்று உறுதி கொள்வது நான்காவது. அதற்குக் கேள்வி உண்டு. உறுதி கொண்டபின் அல்லாஹ்வை அஞ்சிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டால், பாவம் அழிவது மட்டுமல்ல, நன்மையே எழுதப்படுகிறது. ஆனால் அந்நேரம் வாடிக்கைக்காரரின் படித்த மகன் கணக்குப் பார்க்க வந்துவிட்டதால் பேனாவை வைத்தவனுக்குப் பாவமே எழுதப்படுகிறது! இரண்டு பேரும் எழுதியது 48தான். புத்தகத்தில் வித்தியாசம் தெரியாது.

குணம் என்பதற்கும் அன்னார் தரும் விளக்கம் இந்தக் கணக்கிலேயே வருகிறது. ஒருநாள் கைதாராளமாகக் கொடுத்தவன் தர்மசீலன் ஆகிவிடமாட்டான். யோசனையின்றி, வருத்தமின்றி, இயல்பாகவே கொடுக்கும் நிலை உள்ளத்தில் வேரூன்றியிருக்க வேண்டும். அந்த நிலைக்குத்தான் குணம் என்று பெயர். அது பிறவியில் வந்தது, மாறாது என்று சொல்பவர்களுக்கு, காட்டுப் பருந்தும் குதிரையும் பழக்கத்தால் அடங்குகின்றனவே, மனிதனுக்கு மட்டும் முடியாதா என்று கேட்கிறார்கள். பேரீச்சங்கொட்டை மரமல்ல, ஆனால் வளர்த்தால் மரமாகும்படி படைக்கப்பட்டிருக்கிறது. வளர்ப்பது நம் இஷ்டத்தில் உள்ள காரியம். கொட்டையிலிருந்து வேறு மரம் வராது என்பதும் உண்மைதான். கோபத்தையும் ஆசையையும் வேரோடு பிடுங்க முடியாது, அடக்கி நடத்தத்தான் முடியும். கையெழுத்து அழகாக வேண்டுமென்பவன் முதலில் சிரமப்பட்டு அழகாய் எழுதுபவனைப் போல எழுதிப் பழகுகிறான். பிறகு கை தானாகவே அப்படி எழுதுகிறது. தர்மமும் அப்படியே. ஆரம்பத்தில் மனம் வலிக்கக் கொடுப்பவனை வேஷக்காரன் என்று ஏசாதீர்கள்.

வியாபாரத்தைப் பற்றித் தனிப் பாகமே எழுதியிருக்கிறார்கள். கள்ள நாணயத்தைத் தெரிந்தே பிறர் கையில் தள்ளிவிடுவது திருட்டைவிடக் கொடிது என்று அதில் காட்டுகிறார்கள். திருட்டு நடந்ததோடு முடிகிறது. கள்ள நாணயமோ கை மாறி மாறி, தள்ளியவன் மௌத்தான பின்னும் அவன் பெயரில் பாவத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. கிடைத்தால் கிணற்றில் எறிந்துவிட வேண்டும். அநியாயம் செய்யாதிருப்பது முதலைக் காப்பாற்றுவது போலவும், அதற்குமேல் இரக்கம் காட்டுவது லாபம் பெறுவது போலவும் ஆகும் என்று அவர்கள் விளக்கும்போது, இமாமவர்கள் எந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்தார்களோ என்று நமக்குத் தோன்றுகிறது.

நல்ல நிய்யத் இருந்தால் எதுவும் செய்யலாம் என்று சொல்லித் திரிபவர்களுக்கும் பதில் உண்டு. ஹராமான பணத்தில் பள்ளிவாசல் கட்டினாலும், ஒருவன் பொருளை எடுத்து மற்றொரு ஏழைக்குச் சோறு போட்டாலும் நிய்யத் அதை நன்மையாக்காது. சங்கங்களுக்கு நிதி திரட்டுபவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம். மேலும், நிய்யத் என்பது நாவால் சொல்லும் வாக்கியமல்ல. உள்ளம் ஒன்றை நோக்கி எழுவது. அது எழாதபோது நிய்யத் செய்கிறேன் என்று சொல்வது, வயிறு நிறைந்தவன் பசிக்க நாடுகிறேன் என்று சொல்வதற்கு ஒப்பாகும். நிய்யத்தை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடியாது. அது வருவதற்குரிய காரணங்களைத்தான் தேட முடியும். இதை வாசிக்கும்போது பகுதாதில் அந்த ஆறு மாதம் நினைவுக்கு வராமல் இருக்காது.

இனிச் சரித்திரத்துக்குத் திரும்புவோம். ஹிஜாஸில் இருந்தபோது பிள்ளைகளின் அழைப்பு இமாமவர்களை ஊருக்கு இழுத்தது. தூஸுக்கு வந்து தனிமையாகவே காலம் கழித்தார்கள். 1106-ல், நிஜாமுல் முல்க்கின் மகனும் மந்திரியுமான பக்ருல் முல்க், நைஸாபூர் நிஜாமிய்யாவில் பாடம் நடத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். அரசர்களிடமிருந்து விலகி நிற்பதாகச் சொன்னவர் அரசாங்க மத்ரஸாவுக்குப் போகலாமா? அன்றே கேட்டவர்கள் இருந்தார்கள். இமாமவர்கள் தம்மையும் கேட்டுக்கொண்டார்கள். போனால் புகழாசை திரும்பிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். தனிமையில் இருப்பது இப்பொழுது சுகமும் சோம்பலும் ஆகிவிட்டதோ, மக்களின் தொல்லைக்கு அஞ்சி ஒளிந்திருக்கிறோமோ என்ற பயம் மறு பக்கம். முன்பு விடுவது கடினமாக இருந்தது; இப்பொழுது விடாமலிருப்பதே சுகமாக இருந்தது. உள்ளம் தெளிந்த பெரியோர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். எல்லோரும் போகவே சொன்னார்கள். போனார்கள். தாம் திரும்பி வந்தது உண்மையில் திரும்பியதல்ல என்றும், முன்னம் பதவியைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், இப்பொழுது பதவியை விடச்செய்யும் கல்வியைக் கற்பிப்பதாகவும் எழுதினார்கள். எதிரிகள் இதை ஏற்கவில்லை. நமக்கு இதில் அன்னார்மேல் குறை காணத் தோன்றவில்லை. பிரதிக்கினை செய்தது புகழுக்கு எதிராகவே தவிர, மாணவர்களுக்கு எதிராக அல்ல.

சில காலத்தில் அதையும் விட்டுத் தூஸ் திரும்பி, வீட்டருகே மாணவர்களுக்கும் சூஃபிகளுக்கும் இடம் அமைத்துக்கொண்டார்கள். பகுதாது நிஜாமிய்யாவுக்கே மறுபடியும் வரும்படி அழைப்பு வந்தது. இம்முறை மறுத்துவிட்டார்கள், கலீல் நகரத்துப் பிரதிக்கினையையும், குடும்பத்தையும், தூஸில் தம்மை நம்பியிருக்கும் மாணவர்களையும் காரணமாக எழுதினார்கள். இதற்குச் சற்று முன், 1109-ல், மேற்கே குர்துபா நகரில் அந்நாட்டு அரசர் உத்தரவுப்படி இஹ்யாவைக் கொளுத்தினார்கள். இன்று அந்த நூல் இல்லாத மத்ரஸா ஏது? நமது மலாய்ச் சகோதரர்களுக்காகப் பலிம்பாங் நாட்டு ஷைகு அப்துஸ் ஸமத் அவர்கள் இமாமவர்களின் பிதாயத்துல் ஹிதாயாவைத் தழுவி 1778-ல் ஒரு மலாய் நூலும், இஹ்யாவின் சுருக்கத்தைத் தழுவி 1788-ல் முடித்த பெரிய நூலும் எழுதினார்கள். சூராவில் மலாய்க் கிதாபு ஓதும் இடங்களில் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

கடைசிக் காலத்தில் ஹதீஸ் நூல்களை ஒரு மாணவனைப்போல் உட்கார்ந்து ஓதினார்கள். ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் 14, திங்கட்கிழமை. 1111-ம் வருஷம் டிசம்பர் 18. தம்பி அஹ்மத் சொன்னதாகக் கூறப்படுவது: ஸுப்ஹு வேளையில் ஒளுச் செய்து தொழுதார்கள். கஃபன் துணியைக் கொண்டுவரச் சொல்லி, வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். கிப்லாவை நோக்கிக் கால்களை நீட்டிப் படுத்தார்கள். பொழுது விடிவதற்குள் உயிர் பிரிந்தது. பெண்மக்கள் மட்டுமே மிஞ்சினார்கள். பரம்பரையாக வந்ததும் தம் சம்பாத்தியமுமாகக் குடும்பத்துக்குப் போதுமானது இருந்தது. பிறர் கொண்டுவந்த பொருள்களை வாங்கிக்கொள்ளவில்லை.